ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு விழுதல் அறியும் கருவி: புதிதாக வாங்குபவர்களுக்கு

பிள்ளைகள் ஓசூர், பெங்களூர் என்று வேலைக்குப் போய்விட, ஊரில் அம்மாவோ அப்பாவோ தனியாக இருக்கிற வீடுகள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தெருவுக்குத் தெரு உண்டு. "விழுந்தா தானா போன் பண்ற வாட்ச் இருக்காமே, எதை வாங்கலாம்?" என்று அந்தப் பிள்ளைகள் கேட்கிறார்கள். என் அம்மாவுக்கு ஒன்றை மாட்டி, பிறகு சொந்தக்காரர்கள் வீட்டிலும் எங்கள் தெருவிலும் சிலருக்கு அமைத்துக் கொடுத்ததில், அது எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. எதை வாங்குவது என்ற பேச்சுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வருவேன். அது கூப்பிட்டால் ஓடி வரப்போவது யார் என்பதை முதலில் முடிவுசெய்தாக வேண்டும்.

ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கருவி யாரையும் விழாமல் காப்பாற்றாது. விழுந்த பிறகு தரையில் கிடக்கும் நேரத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆனால் அது சின்ன விஷயமில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் எழ முடியாமல் ஒரே பக்கமாகக் கிடந்தால், அழுந்திய தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கலாம். உடம்பில் நீர் வற்றும், தோல் புண்ணாகும். மார்கழிப் பனியில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் சிமெண்ட் தரையில் விடிய விடியக் கிடந்தால் உடல் சூடே ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். உலகம் முழுக்க ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம்.

முதலில் ஆள்

மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் பக்கத்து வீடு அல்லது எதிர்வீடு, கூப்பிட்ட குரலுக்கு வரக்கூடியவர். இன்னொருவர் அதே ஊரில் பைக்கோ காரோ வைத்திருப்பவர். மூன்றாவது நீங்கள். பெங்களூரில் இருக்கிற மகனை மட்டும் அவசர எண்ணாகப் போட்டுவைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் அமைப்பு. அங்கே மணி அடித்தால் அவர் என்ன செய்வார்? பக்கத்து வீட்டு எண்ணைத் தேடுவார். அந்தத் தேடலிலேயே பத்து நிமிடம் போய்விடும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் போனில் கேட்காதீர்கள். ஊருக்குப் போகும்போது அம்மாவையும் கூட உட்கார வைத்துக்கொண்டு நேரில் கேளுங்கள். "அக்கா, ராத்திரி அம்மா வாட்ச்ல இருந்து போன் வந்தா நீங்கதான் முதல்ல போய்ப் பாக்கணும். சாவி ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும்" என்று கேட்டால் மறுப்பவர்களை நான் பார்த்ததில்லை. அம்மா முன்னிலையில் கேட்பதற்குக் காரணம் உண்டு. தனக்குத் தெரியாமல் மகன் ஊர்க்காரர்களிடம் சொல்லிவைத்தான் என்று தெரிந்தால் அவருக்கு மனம் வலிக்கும், அப்புறம் கருவியைத் தொடவே மாட்டார். கேட்ட கையோடு அந்த அக்காவின் போனையும் வாங்கி, அம்மாவின் எண் மட்டும் சைலண்டில் இருந்தாலும் ஒலிக்கும்படி அமைத்துவிடுங்கள். பல ஸ்மார்ட்போன்களில் இதற்கு வழி இருக்கிறது. பட்டன் போன் என்றால் இரவில் சத்தத்தைக் குறைக்காமல் வைத்திருக்கச் சொன்னால் போதும்.

அடுத்து கதவு. நம் ஊர் வீடுகளில் ராத்திரி உள்தாழ்ப்பாள் போட்டுத்தான் படுப்பார்கள். மேலே ஒன்று, நடுவில் ஒன்று. சில வீடுகளில் குறுக்குக் கட்டையும் உண்டு. விழுந்த செய்தி ஒரு நிமிடத்தில் வந்து சேர்ந்தாலும், கதவை உடைக்க அரை மணி நேரம் ஆனால் எல்லாம் வீண். உள்ளேயிருந்தும் வெளியே இருந்தும் சாவியால் திறக்கக்கூடிய பூட்டு ஒன்றைப் பொருத்தி, தாழ்ப்பாள் போடும் பழக்கத்தை மாற்றச் சொல்லுங்கள். தனியாக இருப்பவர்களுக்குத் திருட்டு பயம் இருக்கும், அது நியாயமும்கூட. நல்ல பூட்டு, கம்பிக் கதவு, வாசல் விளக்கு என்று அந்தப் பயத்துக்கும் சேர்த்து ஏற்பாடு செய்தால்தான் தாழ்ப்பாளை விடுவார்கள். குளியலறைக் கதவும் அப்படித்தான். உள்கொக்கியைக் கழற்றிவிட்டு, ஒரு துணியைக் கதவின் மேல் போட்டால் ஆள் இருக்கிறார் என்று பொருள் என வீட்டில் வழக்கப்படுத்துங்கள்.

கடைசியாக முகவரி. 108-க்கு அழைத்தால் அவர்கள் கேட்பது அடையாளம். தோட்டத்து வீடு என்றால் போனில் காட்டும் புள்ளி சில சமயம் பக்கத்து மாந்தோப்பில் போய் விழும். "இந்த ஊர் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் இருந்து கிழக்கே போகிற மண்பாதை, இரண்டாவது வீடு, வாசலில் வேப்பமரம்" என்கிற மாதிரி இரண்டு வரி எழுதி, மூன்று பேரின் போனிலும் போட்டு வையுங்கள். வீட்டுச் சுவரிலும் ஒரு அட்டையில் ஒட்டுங்கள், பதறிப்போய் வருபவர் பார்த்துப் படிக்கலாம்.

வாங்குமுன் வீட்டைச் சுற்றி ஒரு நடை

அம்மா அன்றாடம் போகிற இடமெல்லாம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடங்கள். சமையல் கட்டு, பின்கட்டு, துவைக்கும் கல், மாட்டுக் கொட்டகை, தோட்டத்து மூலையில் கட்டிய கழிப்பறை. ஒவ்வோர் இடத்திலும் நின்று போன் செய்து பாருங்கள். எந்த நிறுவனத்தின் சிக்னல் அங்கெல்லாம் கிடைக்கிறதோ அந்த சிம்தான் கருவிக்கு வேண்டும். உங்கள் வீட்டுத் திட்டத்தில் இன்னொரு சிம் சலுகையாகக் கிடைக்கிறது என்பது காரணமாகக் கூடாது. அஞ்செட்டி, பெட்டமுகிலாளம், சித்தேரி, வத்தல்மலை போன்ற மலை ஊர்களில் சிக்னல் விட்டுவிட்டு வரும். அங்கே எந்தக் கருவியையும் முழுதாக நம்ப வேண்டாம். காலை மாலை ஆள் எட்டிப் பார்ப்பதும், கூப்பிட ஒரு விசிலோ மணியோ கழுத்தில் இருப்பதும் அங்கே அதிகம் உதவும்.

நடக்கும்போதே கால் இடறும் இடங்களையும் பாருங்கள். கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு இதற்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். குளிக்கும் இடத்தில் பாசியைத் தேய்த்துக் கழுவி, சுவரில் ஸ்டீல் கைப்பிடி பதியுங்கள். துணி மாட்டும் கம்பி ஆள் பாரம் தாங்காது, அதைப் பிடித்து விழுந்தவர்கள் இருக்கிறார்கள். கட்டிலில் இருந்து கழிப்பறை வரை இரவில் வெளிச்சம் இருக்கட்டும். மின்சாரம் போனாலும் எரிகிற சார்ஜ் விளக்கு நல்லது. உயரமான வாசற்படிக்கு நடுவில் ஒரு படி கட்டலாம். கைத்தடியின் அடி ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், மிகக் குறைந்த செலவு அது.

மாத்திரைகளையும் டாக்டரிடம் ஒருமுறை காட்டிக் கேளுங்கள். ரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை, ஆண்களுக்குப் புராஸ்டேட்டுக்குத் தரும் சில மாத்திரைகள் எல்லாம் எழுந்து நிற்கும்போது தலை சுற்ற வைக்கலாம். படுக்கையில் இருந்து எழுந்ததும் ஒரு நிமிடம் ஓரத்தில் உட்கார்ந்து, அப்புறம் நிற்கிற பழக்கம் பல விழுதல்களைத் தடுக்கும்.

கருவி எதைக் கண்டுபிடிக்கும், எதை விடும்

கடிகாரத்துக்குள் வேகத்தின் மாற்றத்தை அளக்கும் சென்சாரும், கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அளக்கும் சென்சாரும் இருக்கின்றன. ஆள் விழும்போது ஒரு கணம் எடை இல்லாதது போன்ற நிலை, உடனே பலத்த மோதல், அப்புறம் அசைவின்மை. இந்த மூன்றும் வரிசையாக வந்தால் இது விழுதல் என்று கருவி முடிவுசெய்கிறது. தடாலென்று விழுவதை இது நன்றாகவே பிடிக்கிறது.

ஆனால் வயதானவர்கள் எல்லாரும் தடாலென்று விழுவதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே மெல்லச் சரிவார்கள். கட்டில் ஓரத்தில் இருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். அடி எதுவும் பட்டிருக்காது, ஆனால் எழ முடியாது. நம் மாவட்டங்களில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. இங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்ததே இதற்காகத்தான். அதற்கு முன்பு பல்லாண்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தலைமுறையில் முதுகும் முழங்காலும் இறுகிப்போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தரையில் உட்கார்ந்துவிட்டால் தானாக எழுவது பெரும்பாடு. மோதல் இல்லாததால் கடிகாரம் இதை விழுதலாக எண்ணாமலே விட்டுவிடக்கூடும்.

அதனால்தான் வாங்க வருகிறவர்களிடம் நான் வற்புறுத்துவது இது: தானாகக் கண்டுபிடிப்பது இரண்டாவது பாதுகாப்பு. முதல் பாதுகாப்பு, பெரியவர் தன் கையாலேயே அழுத்தும் அவசரப் பட்டன். பட்டன் இல்லாத, அல்லது அவர் விரலால் அழுத்த முடியாத கருவியை வாங்காதீர்கள்.

எதை வாங்குவது

கை கடிகாரங்களில் ஆப்பிள் வாட்ச்சில் 2018-இல் வந்த சீரிஸ் 4 முதல் இந்த வசதி இருக்கிறது. சாம்சங் கேலக்ஸி வாட்ச், கூகுள் பிக்சல் வாட்ச் வகைகளிலும் உண்டு. ஆப்பிள் வாட்ச்சுக்கு ஐபோன் வேண்டும், மற்ற இரண்டுக்கும் ஆண்ட்ராய்டு போன் வேண்டும். பெரியவர் கையில் எந்தப் போன் இருக்கிறது என்பதே பாதி முடிவைச் செய்துவிடும்.

இதில் புதிதாக வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய முடிச்சு ஒன்று. கடிகாரம் இரண்டு வகையில் வருகிறது. ஒன்று போனோடு புளூடூத்தில் மட்டும் பேசும், மற்றது தனக்கென்று மொபைல் இணைப்பு உள்ளது. முதல் வகை என்றால் போன் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். போனை டிவி மேல் வைத்துவிட்டு அம்மா கொட்டகைக்குப் போனால் சுவர்களைத் தாண்டி அந்த இணைப்பு எட்டாது. போனை இடுப்பில் செருகிக்கொண்டே நடக்கும் பழக்கம் இல்லாதவருக்கு இரண்டாவது வகைதான் சரி. விலையும் மாதக் கட்டணமும் கூடும்தான். தோட்டத்து வீடுகளுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

கழுத்தில் மாட்டும் சிம் போட்ட பட்டன் கருவிகளும் கிடைக்கின்றன. ஒரே பட்டன், ஒரு ஸ்பீக்கர். அழுத்தினால் வரிசையாக எண்களை அழைக்கும். எழுத்துப் படிக்கத் தெரியாத, தொடுதிரை பழகாத ஆயாக்களுக்கு இது எளிது. வாங்கும்போது அது 4ஜி கருவியா என்று பாருங்கள். பழைய 2ஜி கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது. கயிறு எங்காவது மாட்டி இழுத்தால் தானாகக் கழன்று வருகிற வகையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழுத்தை இறுக்கும். தாலிச் சரட்டோடு சிக்கிக்கொள்ளாத நீளம் வையுங்கள்.

சுவரில் பொருத்தும் ரேடார் கருவி இன்னொரு வகை, ரேடியோ அலையால் ஆளின் அசைவை அறிவது. உடம்பில் எதையும் மாட்ட வேண்டாம், படமும் பிடிக்காது. மறதி நோய் உள்ளவர்களுக்கு நல்லது. ஆனால் அது வைத்த அறையை மட்டும் பார்க்கும், வைஃபையும் மின்சாரமும் எப்போதும் வேண்டும். பொருத்தினால் ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் சேர்த்து வாங்குங்கள். கேமராவைப் பற்றி ஒரே வரி: உடை மாற்றும் அறையில் வைக்காதீர்கள்.

கடையில் இரண்டாயிரம் ரூபாய்க்கு "எஸ்ஓஎஸ்" என்று போட்ட கடிகாரங்கள் நிறைய இருக்கின்றன. எஸ்ஓஎஸ் என்றால் பட்டன் அழுத்தினால் அழைக்கும் என்றுதான் பொருள். விழுதலைத் தானாக அறிவது வேறு வசதி. பெட்டியில் அது தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் வாயால் "எல்லாம் இருக்குது சார்" என்று சொல்வது போதாது, அங்கேயே அமைப்புக்குள் போய் அந்தப் பகுதியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

அமைக்கும்போது

ஆப்பிள் வாட்ச்சில், பயன்படுத்துபவரின் வயது 55 அல்லது அதற்கு மேல் என்று பதிவாகியிருந்தால் விழுதல் அறிதல் தானாக இயங்கும். மகன் தன் பெயரில், தன் பிறந்த தேதியோடு அமைத்துக் கொடுத்தால் அது எப்போதும் இயங்கும்படி தானாக அமையாமல் போகலாம். அவசரத் தொடர்பு எண்களும் மகனுடையவையாகவே இருக்கும். அதனால் பெரியவரின் பெயரில், அவர் வயதோடு அமையுங்கள். அப்புறம் அந்தப் பகுதிக்குள் போய் "எப்போதும்" என்று இருக்கிறதா, "உடற்பயிற்சியின்போது மட்டும்" என்று இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். சாம்சங்கிலும் அவசர உதவிப் பகுதிக்குள் போய், இயங்குகிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பலத்த விழுதல் ஒன்றை அறிந்ததும் ஆப்பிள் வாட்ச் கையில் தட்டி ஒலியெழுப்பும். சுமார் ஒரு நிமிடம் ஆள் அசையவில்லை என்றால் 30 விநாடி எண்ணிவிட்டு அவசர எண்ணை அழைக்கும். அந்த அழைப்பு முடிந்த பிறகுதான் உங்கள் எண்களுக்கு இருப்பிடத்தோடு செய்தி வரும். நம் நாட்டில் பொது அவசர எண் 112. அங்கே பேசுவது பெரியவரை அறியாத ஒருவர். ஆகவே செய்தி வந்ததும் "112-க்குத்தான் போயிடுச்சே" என்று இருக்காமல், பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டு நீங்களும் 108-ஐ அழைத்து அடையாளம் சொல்லுங்கள். சிலவகைக் கருவிகள் நீங்கள் கொடுத்த எண்களையே நேராக அழைக்கும். உங்களுடையது எந்த வகை என்று அமைக்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

இனி பெட்டியோடு வரும் தாளில் கண்ணில் படாத ஒரு விஷயம். நம் பக்கத்து ஆயாக்கள் பலருக்கு முன்னங்கையில் பச்சை குத்தியிருக்கும். மணிக்கட்டு வரை கோலமும் புள்ளியுமாக இருக்கும். கடிகாரத்தின் அடியில் இருக்கும் ஒளி சென்சார்தான் அது கையில் இருக்கிறதா என்று அறிகிறது. பச்சை குத்திய மை அந்த ஒளியைத் தடுக்கலாம். கழற்றி வைத்திருப்பதாக நினைத்துக் கடிகாரம் பூட்டிக்கொள்ளும். இந்த மணிக்கட்டு அறிதலை அணைத்துவிட்டால், ஆப்பிள் வாட்ச் விழுதலை அறிந்தாலும் தானாக அவசர எண்ணை அழைக்காது. எனவே பச்சை இல்லாத கையில் கட்டுங்கள், அல்லது மை இல்லாத இடமாகப் பார்த்து ஒரு விரற்கடை மேலே தள்ளிக் கட்டுங்கள். வளையல்களுக்கு மேலே, முழங்கைப் பக்கமாகக் கட்டினால் வளையல் இடித்து ஓயாமல் திரை விழிப்பதும் நிற்கும். பட்டை மெல்லிய மணிக்கட்டில் ஆடக் கூடாது, இறுக்கவும் கூடாது. சிலிகான் பட்டை வேர்த்து அரித்தால் துணிப் பட்டைக்கு மாற்றுங்கள்.

கையில் இருக்க வைப்பது

பீரோவுக்குள் இருக்கும் கடிகாரம் யாரையும் கூப்பிடாது. விலையைக் கேட்டதும் "நல்ல நாளுக்குப் போட்டுக்கறேன்" என்று பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர்கள் நம் பெரியவர்கள். "இதைக் கட்டிக்கிட்டா நான் சீக்காளின்னு ஊருக்கே சொன்ன மாதிரி ஆயிடும்" என்று என் பெரியம்மா வெகுநாள் மறுத்தார். தெருவில் ஒரு தாத்தா, "நான் எங்க போறேன் வரேன்னு பாக்கறதுக்கு நான் என்ன முளைக்குச்சியில கட்டின ஆடா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இருப்பிடத்தை யார் பார்ப்பார்கள், எப்போது பார்ப்பார்கள் என்று அவரிடமே சொல்லி, அவர் சம்மதித்த அளவுக்கு மட்டும் அமைத்தோம். நாள் முழுக்கப் பின்தொடரும் வசதி வேண்டாம் என்றார், அணைத்துவிட்டோம். விழுந்தால் மட்டும் தெரிவிக்கும். இப்போது கழற்றுவதில்லை.

பெரியம்மாவை மாற்றியது பேச்சு இல்லை. கடிகாரத்தில் பேரனின் படத்தை முகப்பாக வைத்து, எண்கள் பெரிதாகத் தெரிகிற மாதிரி மணி காட்ட வைத்தோம். மாத்திரை நேரத்துக்கு அது அதிர்ந்து நினைவூட்டியது. தினமும் பயன்படுகிற பொருளாக ஆன பிறகு தானாகவே கட்டிக்கொண்டார். முதலில் மணி பார்க்கவும் மாத்திரைக்கும் பழக்குங்கள், விழுதல் பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

சார்ஜ் போடுவதற்கு நேரம் குறிப்பது முக்கியம். ஆப்பிள் வாட்ச்சின் பல மாடல்களுக்கு 18 மணி நேரம் என்றுதான் நிறுவனமே சொல்கிறது. எல்லாரும் இரவில் கழற்றிச் சார்ஜ் போடுகிறார்கள். ஆனால் இருட்டில் கழிப்பறைக்கு எழுந்து போகிற அந்த நேரத்தில்தான் அது கையில் இருக்க வேண்டும். சாயங்காலம் சீரியல் பார்க்க உட்காரும்போது, அல்லது பக்கத்து வீட்டுக்காரர்கள் திண்ணையில் வந்து பேசும் நேரத்தில் சார்ஜில் போடச் சொல்லுங்கள். சார்ஜரை டிவிக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்துவிடுங்கள். குளிக்கும்போதும் கழற்ற வேண்டாம். நான் சொன்ன கடிகாரங்கள் தண்ணீர் தாங்கும். கழுத்துக் கருவி என்றால் அதைத் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் மட்டும் பிறகு ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

ஒத்திகை

பெரியவரை விழச் சொல்லிப் பார்க்காதீர்கள். கடிகாரத்தைக் கழற்றி மெத்தையில் எறிந்து சோதிப்பதிலும் பயனில்லை, அது மனிதக் கையின் அசைவை எதிர்பார்க்கிறது. ஒத்திகை பார்க்க வேண்டியது பட்டனையும் ஆட்களையும். மூன்று பேருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அம்மாவைத் தரையில் விரித்த பாயில் படுக்க வைத்து, அந்த நிலையிலேயே பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். நின்றுகொண்டு அழுத்துவது வேறு, கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டு அழுத்துவது வேறு. உங்கள் கருவி 112-ஐ அழைக்கும் வகை என்றால் எண்ணும்போதே நிறுத்திவிடுங்கள். எந்தப் பட்டன், எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பது கைக்குப் பழகினால் போதும். உங்கள் எண்களை அழைக்கும் வகை என்றால் முழுதாக ஒருமுறை ஓட விட்டு, பக்கத்து வீட்டு அக்கா சாவியோடு வந்து கதவைத் திறக்கும் வரை பாருங்கள். மாதம் ஒருமுறை, பென்ஷன் வாங்குகிற நாளையோ அமாவாசையையோ குறித்து வைத்துக்கொண்டு இதைச் செய்யலாம்.

பொய் எச்சரிக்கைகள் வரும். துவைக்கும் கல்லில் துணியை அடிக்கும்போது, விறகு பிளக்கும்போது, முரண்டு பிடிக்கும் மாட்டின் கயிற்றை இழுக்கும்போது, ராகிக் களியை அழுத்திக் கிண்டும்போது, கட்டிலில் பொத்தென்று உட்காரும்போது எல்லாம் அது "விழுந்துவிட்டீர்களா?" என்று கேட்கக்கூடும். திரையில் வரும் எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும், எந்த இடத்தைத் தொட்டால் நிற்கும் என்று காட்டிக் கொடுங்கள். துணி துவைக்கும் நேரத்துக்கு மட்டும் மறுகைக்கு மாற்றினால் குறைகிறதா என்று பார்க்கலாம். எரிச்சலில் வசதியையே அணைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பொய் எச்சரிக்கைக்கும் ஓடி வந்தவரை உடனே அழைத்து நன்றி சொல்லுங்கள். அடுத்தமுறையும் அவர் அதே வேகத்தில் ஓடி வர வேண்டும்.

உண்மையிலேயே விழுந்தால்

இதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அச்சடித்துக் கொடுங்கள். நம் ஊரில் விழுந்தவரைக் கண்டதும் இரண்டு பேர் அக்குளில் கைபோட்டுத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். அன்பில்தான் செய்கிறார்கள், ஆனால் எலும்பு முறிந்திருந்தால் அதுவே கெடுதலாகும்.

முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். நினைவு இருக்கிறதா, தலையில் அடியா, கழுத்தோ முதுகோ வலிக்கிறதா, ரத்தம் வருகிறதா என்று பாருங்கள். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். இவற்றில் எது இருந்தாலும் அசைக்காமல், போர்வை போர்த்தி, 108-ஐ அழையுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் தராதீர்கள். மாத்திரை டப்பாவையும் பழைய மருத்துவச் சீட்டுகளையும் ஒரு பையில் போட்டு உடன் அனுப்புங்கள்.

வலியும் அடியும் எதுவும் இல்லை என்றால் அவர்களையே எழ வையுங்கள். ஒருபக்கம் திரும்பி, கையூன்றி, முழங்காலிட்டு நிற்கட்டும். முன்னால் ஆடாத நாற்காலி ஒன்றை வையுங்கள். அதைப் பிடித்து ஒரு காலை ஊன்றி மெல்ல எழுந்து, பின்னால் வைத்த இன்னொரு நாற்காலியில் உட்காரலாம். முழங்கால் மடங்காதவர்களுக்கு இது முடியாது. அவர்களை இழுத்துத் தூக்காமல், தலைக்குத் தலையணை வைத்து, ஆள் சேரும் வரை காத்திருங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயதானவர்களுக்குத் தலைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து, நாட்கள், சில சமயம் வாரங்கள் கழித்துக்கூடத் தெரியவரும். வழக்கத்துக்கு மாறான தூக்கம், வாந்தி, பேச்சுக் குழறல், தடுமாற்றம், விடாத தலைவலி இவற்றில் எது வந்தாலும் "அன்னிக்கு விழுந்தாங்களே" என்பதை நினைவில் வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

விழுந்து எழுந்தவர் அப்புறம் பயந்து நடையைக் குறைத்துக்கொள்வார். நடக்காமல் இருந்தால் கால் தசை இளைத்து, மறுபடி விழும் வாய்ப்புத்தான் கூடும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அதில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து கேளுங்கள். முதியோருக்கான இலவச உதவி எண் 14567.

ஒவ்வொரு முறை விழுந்ததையும், விழப்போய்ச் சமாளித்ததையும் காலண்டர் தாளில் குறித்துவையுங்கள்: என்ன நேரம், எந்த இடம், என்ன செய்துகொண்டிருந்தார், எழுந்து நின்றதும் தலை சுற்றியதா, அன்று என்ன மாத்திரை, கருவி கூப்பிட்டதா இல்லையா. அடுத்தமுறை தருமபுரி பெரியாஸ்பத்திரிக்கோ உங்கள் வழக்கமான டாக்டரிடமோ போகும்போது அந்தத் தாளை எடுத்துப்போய், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.